கரண்ட் பில்லை யார் கட்டுவது?

நாடகம் போடப் பணம் கேட்டால் எப்படியாவது கிடைத்துவிடும். மேடைக்குப் பின்னால் பேனர் கட்டலாம், அழைப்பிதழில் பெயர் போடலாம், கொடுத்தவரை முதல் வரிசையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்தலாம். அதே நாடகத்தை மூன்று மாதம் ஒத்திகை பார்த்த ஹாலின் கரண்ட் பில்லுக்கு ஐயாயிரம் ரூபாய் கேட்டுப் பாருங்கள். எதிரே இருப்பவர் செல்போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிடுவார். மின்வாரிய ரசீதில் யாருக்கும் நன்றி அச்சடிக்க முடியாதே!

லாப நோக்கமில்லாமல் நடக்கும் கலை மையங்களின் கதையில் பெரும்பகுதி அந்த ரசீதில்தான் இருக்கிறது. வெளியே நின்று பார்ப்பவர்கள் ரசனை குறைந்துவிட்டது, டிவி வந்து கெடுத்தது, செல்போன் வந்து கெடுத்தது என்று காரணம் அடுக்குவார்கள். கணக்கு நோட்டு வைத்திருப்பவரைக் கேட்டால் வேறு பட்டியல் வரும். வாடகை, அட்வான்ஸில் கழிந்துபோன பழைய பாக்கி, வாட்ச்மேன், ஆடிட்டர் ஃபீஸ், மழைக்கு ஒழுகும் கூரை. நல்ல காலத்தில் இந்த நிகழ்ச்சிப் பணத்தில் கொஞ்சம், அந்தப் பயிற்சி முகாம் பணத்தில் கொஞ்சம் என்று புரட்டிச் சமாளிப்பார்கள். நிகழ்ச்சியே இல்லாத மாதத்தில் புரட்ட எதுவும் இருக்காது. 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது நாடெங்கும் கலை அமைப்புகளுக்கு நேர்ந்தது இதுதான். வரவு ஒரே ராத்திரியில் நின்றது. செலவு நிற்கவில்லை.

அந்தத் தேதி கூத்துக்காரர்களுக்கு இன்னும் கொடுமையானது. அது பங்குனி மாதம்.

தலைக்கட்டு வரியில் வளர்ந்த கலை

காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் வட்டாரங்களில் கூத்துக்கு சீசன் உண்டு. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பது பங்குனி, சித்திரையில் சூடு பிடித்து ஆடி வரை போகும். பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார். அதே கதையை இரவில் கூத்துக் குழு ஆடத் தொடங்கினால் விடியும்போதுதான் முடியும். அர்ச்சுனன் தபசு, பதினெட்டாம் போர், படுகளம், தீமிதி என்று நாள் கணக்கில் நீளும். ஆடுகிறவர்களுக்கு வருடச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு இந்தச் சில மாதங்களில்தான்.

பணம் எங்கிருந்து வருகிறது? பாரதம் வைக்கும் ஊர், தலைக்கட்டு வரி போடுகிறது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று பேசி, வீடு வீடாக வசூல். பிழைப்புக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போனவர்கள் “ஒருநாள் கூத்து நம்ம செலவு” என்று ஏற்றுக்கொள்வதும் உண்டு. நடு ராத்திரியில் யாராவது நூறோ ஐந்நூறோ நீட்டினால், கட்டியங்காரன் கதையை அப்படியே நிறுத்திவிட்டு, கொடுத்தவரின் பெயர், அப்பா பெயர், தெருப் பெயர் வரை சொல்லி வாழ்த்திவிட்டுத் துரியோதனனிடம் திரும்புவார். பெயர் கேட்க ஆசைப்படுவது கம்பெனிக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல.

ஆனால் தலைக்கட்டு வரிக்கும் ஸ்பான்சர் பணத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஸ்பான்சர் ஒருவர் விலகினால் நிகழ்ச்சி போச்சு. ஒரு குடும்பம் வரி கொடுக்காவிட்டால் கூத்து நிற்காது, அந்தக் குடும்பத்தின் மீதுதான் ஊர் முகம் சுளிக்கும். வரி கொடுத்தவன் கேள்வியும் கேட்பான். “போன வருஷம் வந்த செட்டே தேவலை” என்று குழுவை நடத்தும் வாத்தியார் காதுபடச் சொல்வான். ஊருக்குக் கூத்தின் மீது இருக்கிற இந்த உரிமைதான், அரசு மானியம் என்ற சொல்லே இல்லாத காலத்தில் இந்தக் கலையைக் கொண்டுவந்து சேர்த்தது என்பது என் கணிப்பு.

அந்த ஏற்பாட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு: முன்பணம். சீசனுக்கு முன்பே நடிகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் வாத்தியார் முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டுவிடுவார். வேலை இல்லாத மாதங்களில் அது ஸ்கூல் ஃபீஸாக, வட்டியாக, மருந்துச் செலவாகக் கரைந்திருக்கும். ஆடித்தான் கழிக்க வேண்டும். 2020-இல் திருவிழாக்கள் ரத்தானதும் ஆட இடமில்லை, வாங்கிய பணமும் கையில் இல்லை. சரி, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். 2021 ஏப்ரல் 10-இலிருந்து தமிழ்நாட்டில் மறுபடியும் திருவிழாக்களுக்குத் தடை. இரண்டாம் அலை. இரண்டு சீசன் முன்பணம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்துகொண்டது.

புஞ்சரசந்தாங்கலில் ஒரு பள்ளிக்கூடம்

காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கல் என்ற கிராமம். கட்டைக்கூத்துச் சங்கத்தின் இருப்பிடம். பெ. ராஜகோபாலும் வேறு சில கூத்துக் கலைஞர்களும் சேர்ந்து 1990-இல் தொடங்கிய சங்கம் இது. ராஜகோபால் கூத்துக் குடும்பத்தில் பிறந்து, பத்து வயதில் பள்ளியை விட்டு அப்பாவின் குழுவில் சேர்ந்தவர். அவருடைய துணைவி ஹன்னே டி புரூயின் நெதர்லாந்திலிருந்து கூத்தை ஆய்வு செய்ய வந்தவர், சங்கத்தின் நிர்வாகத்தில் பாதி அவர்.

இவர்கள் 2002-இல் ஒரு குருகுலம் ஆரம்பித்தார்கள். கூத்தா, படிப்பா என்று எந்தக் குழந்தையும் ஒன்றை விட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, பள்ளிப் பாடமும் கூத்தும் படித்தார்கள். ஆண்கள் மட்டுமே வேஷம் கட்டிவந்த கலையில் பெண் பிள்ளைகளைக் கொண்டுவந்தது அதைவிடப் பெரிய காரியம். கல்யாண முருங்கை மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லுகள் பதித்த புஜக்கட்டையையும் கிரீடத்தையும் மாட்டிக்கொண்டு ஒரு பெண் கிறுகிறுவென்று சுற்றிக் கிர்கி அடிப்பதைப் பார்த்த பிறகு, இது ஆண்களின் கலை என்று சொல்ல வாய் வராது.

பதினெட்டு வருடம் நடந்த குருகுலம் 2020-இல் மூடப்பட்டது.

கொரோனா மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவது சுலபம். எனக்கு அது சரியாகப் படவில்லை. உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றின் செலவு எப்படிப்பட்டது? அரிசி தினமும் வேகவேண்டும். ஆசிரியர்களுக்கு முதல் தேதி சம்பளம் போக வேண்டும். கல்வித் துறை விதி, கட்டட விதி, கழிப்பறை விதி எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். இவற்றில் எதுவும் ‘புராஜெக்ட்’ ஆகாது. நன்கொடை தரும் அமைப்புகளோ பொதுவாக ஒரு வருடம், மிஞ்சினால் மூன்று வருடத்துக்குத்தான் தரும். ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை பிளஸ் டூ முடிக்க ஏழு வருடம் ஆகிறது. மூன்று வருடப் பணத்தை வைத்து ஏழு வருடப் பிள்ளையை வளர்க்கச் சொல்வதுதான் இதில் உள்ள அபத்தம். அப்படியும் பதினெட்டு வருடம் ஓட்டியிருக்கிறார்கள்.

சங்கம் மூடப்படவில்லை. சொந்த இடம் இருக்கிறது, திறந்தவெளி அரங்கம் இருக்கிறது, ஆட்டம் நடக்கிறது. குருகுலத்தில் படித்தவர்கள் வெளியே குழுக்களில் ஆடுகிறார்கள். வாடகைக் கட்டடத்தில் இருந்திருந்தால் பள்ளியோடு சங்கமும் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

துணியில் மெழுகு ஊற்றி வாங்கிய நிலம்

இடம் என்றால் சோழமண்டலம் நினைவுக்கு வராமல் இருக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தைத் தாண்டும்போது பஸ்ஸிலிருந்து போர்டைப் பார்த்தவர்கள் அதிகம், இறங்கி உள்ளே போனவர்கள் குறைவு.

சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கு 1960-களின் தொடக்கத்தில் ஒரு கவலை. நன்றாக வரைகிற மாணவன் படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைத்துவிடுகிறான். ஓவியத்தை விற்றுச் சாப்பிட முடியாத ஊர் இது. சரி, ஓவியம் விற்காவிட்டால் போகட்டும், விற்கக் கூடியதைச் செய்வோம் என்று அவரும் மாணவர்களும் முடிவு செய்தார்கள். ஓவியர் கைவினைஞர் சங்கம் ஒன்றை ஏற்படுத்தி, பாத்திக் துணி, தோல் வேலை, உலோக வேலை என்று இறங்கினார்கள். துணியில் உருகிய மெழுகை ஊற்றி, சாயத்தில் முக்கி, வெந்நீரில் அலசி எடுக்கும் வேலை. கையெல்லாம் நீலம். அந்தத் துணிகள் விற்றன. விற்ற காசைச் சேர்த்துக் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. சுற்றிலும் மணலும் சவுக்கும்தான். முதலில் போனவர்கள் மின்சாரம்கூட இல்லாமல் கீற்றுக் குடிசையில் இருந்தார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அவர்களுடைய வைராக்கியம் அல்ல, கணக்கு. வயிற்றுக்குக் கைவினை, மனசுக்கு ஓவியம் என்று பிரித்தார்கள். ஓவியத்தை வாங்குபவரின் வரவேற்பறைச் சுவருக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அரிசிக்கான காசு வேறு வழியில் வந்துகொண்டிருந்தது. ஜே. சுல்தான் அலி, கே.வி. ஹரிதாசன், எஸ்.ஜி. வாசுதேவ், விஸ்வநாதன், சேனாதிபதி என்று சென்னை ஓவிய இயக்கம் என்றால் சொல்லப்படும் பெயர்களில் எத்தனை பேர் இந்த மணலில் வாழ்ந்தவர்கள்! பணிக்கர் 1977-இல் காலமானார். கிராமம் நின்றது. 2009-இல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் வந்தது. காட்சிக்கூடங்களை வெளி ஓவியர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அந்த வாடகை, செலவுக்கு ஒரு கை கொடுக்கிறது.

இன்று அதே வழியில் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தச் சாலையில் இன்று பாத்திக் துணி விற்று ஒரு கார் நிறுத்தும் இடம்கூட வாங்க முடியாது.

பட்டறையும் அதன் கணக்குப்பிள்ளையும்

சொந்த இடமும் இல்லாமல், விற்கப் பொருளும் இல்லாமல் நிற்பது நவீன நாடகம். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையின் கதையை நாடகக்காரர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் தங்கள் கதையாகச் சொல்வார்கள். ஆபீஸ் முடிந்து மாலையில் வந்து நடிப்பவர்களை வைத்து ஆரம்பித்தது. பிறகு ஃபோர்டு அறக்கட்டளையின் நிதி வந்தது. நடிகர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, முழுநேரம் பயிற்சி செய்ய வைத்தார்கள். தமிழ் நவீன நாடகத்தில் அதற்கு முன் நினைத்துப் பார்க்காத விஷயம் அது. தெருக்கூத்து, சிலம்பம், தேவராட்டம் எல்லாம் கற்று உடம்பை உருக்கிய பசுபதி, கலைராணி போன்றவர்களை நாம் இன்று சினிமாவில் பார்க்கிறோம்.

வெளிநாட்டு நிதி நிரந்தரம் இல்லை. அது நின்றதும் சம்பளம் என்ற பழக்கம் மட்டும் மிச்சம் இருந்தது. மத்திய அரசின் குழு மானியம், நடிப்புப் பயிற்சி வகுப்பு, சினிமாவுக்குப் போன பழைய மாணவர்களால் வந்த பெயர் என்று பட்டறை வேறு கால்களில் நின்றது. விஜய் சேதுபதி கூத்துப்பட்டறையில் கணக்காளராகச் சேர்ந்தவர் என்பதை எல்லோரும் வேடிக்கையாகச் சொல்கிறோம். எனக்கு அதில் வேறொன்று தோன்றும். ஒரு நாடகக் குழு கணக்கு எழுதத் தனியாக ஓர் ஆளை வைத்திருந்தது. நம் ஊரில் எத்தனை கலை அமைப்புகளில் அது உண்டு? பெரும்பாலும் இயக்குநரின் சட்டைப் பைதான் கேஷ் பாக்ஸ்.

மத்திய கலாசார அமைச்சகத்தின் குரு – சீடர் மானியத்தில் குருவுக்கு மாதம் 15,000 ரூபாய், வயது வந்த சீடருக்கு 10,000 ரூபாய் என்று இருக்கிறது. சிறு குழுக்களுக்கு இது பெரிய ஆதாரம், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஹால் வாடகை அடங்காது. பணம் மாதா மாதம் வருவதும் இல்லை, எப்போதோ மொத்தமாக வரும். அதுவரை வட்டிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, வந்த மானியத்தை வட்டிக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் இயக்குநர்கள் தமிழ்நாட்டில் உண்டு.

சட்டம் சொல்லும் ‘நிர்வாகச் செலவு’

2020-இல் இன்னொன்றும் நடந்தது. கொரோனா பரபரப்பில் அதைப் பலர் கவனிக்கவில்லை. செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை வெளிநாட்டு நன்கொடையில் 50 சதவீதம் வரை நிர்வாகத்துக்குச் செலவு செய்யலாம் என்றிருந்தது 20 சதவீதமாகக் குறைந்தது. வாங்கிய அமைப்பு, சிறிய அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்றும் வந்தது. பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். முறைகேடுகளைத் தடுக்க என்று அரசு சொன்னது. காசு எங்கே போகிறது என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் கலை மையத்தில் எது நிர்வாகம், எது கலை? ஒத்திகைக் கூடத்தைப் பெருக்குகிற அம்மாவின் சம்பளம் எந்தக் கணக்கில் வரும்?

உள்நாட்டில், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, 500 கோடி நிகர சொத்து மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல் அல்லது 5 கோடி நிகர லாபம், இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். செலவிடக் கூடியவற்றின் பட்டியலில் கலை, பண்பாடு இருக்கிறது. நடைமுறையில் பெரும்பணம் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2020 மார்ச் இறுதியில் பிரதமரின் பிஎம் கேர்ஸ் நிதிக்குக் கொடுப்பதும் இந்தக் கணக்கில் சேரும் என்று அறிவித்தார்கள். கலை அமைப்புகளின் விண்ணப்பங்கள் வரிசையில் இன்னும் பின்னால் போயின.

சபாக்கள் கதை வேறு. சந்தா, வாழ்நாள் உறுப்பினர், பேங்க் விளம்பரம், வாசலில் கேன்டீன் என்று அவர்களுக்குப் பல கால்கள். (கச்சேரிக்கு வந்தவர் கேன்டீனுக்குப் போனாரா, கேன்டீனுக்கு வந்தவர் கச்சேரிக்குப் போனாரா என்பது மார்கழியின் தீராத சந்தேகம்.) 2020 டிசம்பரில் சென்னை சபாக்கள் கூட்டாக ஆன்லைனில் டிக்கெட் போட்டு மார்கழி சீசனை நடத்திக் காட்டின. பாராட்ட வேண்டியதுதான். திரௌபதி அம்மன் கோயில் முன்னால் பாய் விரித்து உட்காரும் கூட்டத்தை எந்த ஆப்பில் உட்கார வைப்பது?

பாக்கு விளையும் ஊரிலிருந்து

பக்கத்து மாநிலத்தில் ஒரு பதில் இருக்கிறது. கர்நாடகத்தில் சாகரா அருகே ஹெக்கோடு என்ற பாக்குத் தோட்ட கிராமம். அங்கே 1949-இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு நாடகச் சங்கம் வைத்தார்கள். நீலகண்டேஸ்வர நாட்டிய சேவா சங்கம் என்று ஊர்ச் சாமியின் பெயர். சுருக்கமாக நீனாசம். பாக்கு விவசாயியும் பதிப்பாளருமான கே.வி. சுப்பண்ணா அதை வளர்த்தார். 1991-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. நீனாசமும் மானியம் வாங்கியிருக்கிறது, ஃபோர்டு பணமும் வாங்கியிருக்கிறது. ஆனால் 1985-இல் ‘திருகாட்ட’ என்று ஊர் சுற்றும் நாடகக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சீசனும் புதிய நாடகங்களைத் தயார் செய்துகொண்டு மாநிலம் முழுக்கப் போவார்கள். போகிற ஊரில் உள்ளூர்க்காரர்கள் குழு அமைத்து, டிக்கெட் விற்று, நடிகர்களுக்குச் சாப்பாடு போட்டு, ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று கொடுத்தனுப்புவார்கள். ஷேக்ஸ்பியருக்கும் காளிதாசனுக்கும் தலைக்கட்டு வரி போட்ட மாதிரிதான்.

நம்மூரில் இதைச் செய்ய முடியாதா? செய்யலாம், கொஞ்சம் கூச்சத்தை விட்டால். சென்னையிலோ மதுரையிலோ ஒரு சிறிய கலை மையத்துக்கு வாடகை, மின்சாரம், ஓர் ஆள் சம்பளம் எல்லாம் சேர்ந்து மாதம் ஐம்பதாயிரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 250 ரூபாய் தர இருநூறு பேர் வேண்டும். இரண்டு பேர் காபி ஷாப்புக்குப் போனால் அதைவிட அதிகம் ஆகிறது. ஒருமுறை சம்மதம் கொடுத்தால் யுபிஐ மாதாமாதம் தானாக எடுத்துக்கொள்கிறது. நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைய வேண்டியதில்லை. இருநூறில் முப்பது பேர் விலகினால் மையம் விழுந்துவிடாது. ஒரே ஸ்பான்சர் விலகினால் விழும்.

அரசும் ஒன்று செய்யலாம். மாநகராட்சிச் சமுதாயக் கூடங்கள் முகூர்த்த நாட்களில் நிரம்பி வழியும், மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும். ஆடியிலும் மார்கழியிலும் அங்கே கல்யாணம் ஏது? அந்த நாட்களை வட்டாரக் கலைக் குழுக்களுக்குக் குறைந்த வாடகையில், வருட ஒப்பந்தத்தில் கொடுத்தால், புதிய திட்டமும் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம். திறப்பு விழா இல்லாததால்தான் யாரும் செய்யவில்லையோ என்னவோ.

இருநூறு பேர் ஏற்பாட்டில் ஒரு தொல்லை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். காசு கொடுத்தவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். அவர்களைப் பாயில் உட்காரவைத்து வரவு செலவை வாசிக்க வேண்டும். “வாட்ச்மேனுக்கு எதுக்கு இவ்வளவு?” என்பார் ஒருவர். “போன நாடகம் ஒண்ணும் புரியலியே சார்” என்பார் இன்னொருவர். மூன்றாமவர் தன் பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இடம் கேட்பார். இயக்குநர் மூன்று பேருக்கும் பதில் சொல்லிவிட்டு, அடுத்த வருடத்துக்கு முந்நூறாக உயர்த்தலாமா என்று கேட்டுப் பார்க்கலாம்.